இருளில் ஒளியேந்திய வேட்டைக்காரர்: ஜார்ஜ் ஷைரஸ் சரித்திரம்

தொழிலை மாற்றிக்கொண்ட மனிதரை உலகில் எங்கும் காணலாம். உழவன் மகன் வணிகனாகின்றான். வணிகன் மகன் உத்தியோகஸ்தனாகின்றான். ஆயின், இளமையிற் பயின்ற வித்தையைச் சிறிதும் மறவாமல், அவ்வித்தையின் நோக்கத்தை மட்டும் முற்றிலும் மாற்றிக்கொண்டவர் மிகச் சிலரே. தமஸ்குப் பட்டணத்துக்குச் செல்லும் வழியிற் பேரொளி ஒன்றினால் தடுக்கப்பெற்ற சவுல் என்பார், முன்னிருந்த அதே ஊக்கத்தோடும் அதே கல்வியோடும் பவுல் அப்போஸ்தலராயினமை நாம் அறிந்ததே. அத்துணைப் பெரிய மாறுதலென்று சொல்லத் துணியோமாயினும், அதனை ஒருவாறு நினைப்பூட்டத்தக்க வாழ்க்கை ஒன்று அமெரிக்க ஐக்கிய நாட்டிலே நிகழ்ந்தது. மானைக் கொல்லுதற்கென்று கற்ற இரவு வேட்டையின் தந்திரத்தையே அம்மானைக் கொல்லாமற் காட்டுதற்குரிய கலையாக மாற்றியவர் அவர். இரவிலே வனவிலங்குகளைப் புகைப்படமெடுக்கும் கலைக்குத் தந்தையென்று போற்றப்படும் ஜார்ஜ் ஷைரஸ் என்பவரே அவர்.

பிறப்பும் இளமையும்

ஷைரஸ் 1859-ஆம் ஆண்டு ஜனவரி மாதம் முதல் தேதியன்று பென்சில்வேனியா மாகாணத்திலுள்ள அலிகெனி என்னும் நகரிற் பிறந்தார். இவருடைய பாட்டனார் பெயரும் ஜார்ஜ் ஷைரஸ். தந்தையார் பெயரும் அதுவே. ஆதலின் இவரை மூன்றாம் ஜார்ஜ் ஷைரஸ் என்று வழங்குதல் மரபாயிற்று. பெயரைக் கேட்போர் அரசரோவென்று ஐயுறக்கூடும். அரசர் அல்லர், வழக்கறிஞர் குடும்பத்தவர். தந்தையார் சட்டநூலில் வல்லவர். 1892-ஆம் ஆண்டு முதல் 1903-ஆம் ஆண்டு வரை அந்நாட்டின் உச்சநீதிமன்றத்தில் நீதிபதியாக வீற்றிருந்தார். மகனாரும் கார்னெல் சர்வகலாசாலையிற் பயின்று 1881-இற் பட்டம் பெற்று, பின்னர் யேல் சர்வகலாசாலையிற் சட்டம் கற்று 1883-இல் தேறி, பிட்ஸ்பர்க் நகரிலே வழக்கறிஞர் தொழிலை மேற்கொண்டார்.

இவ்வளவும் செல்வக் குடியிற் பிறந்த எவர்க்கும் வாய்க்கக்கூடியதே. இவர் வாழ்வை வேறுபடுத்தியது நகரமன்று, காடே. மிச்சிகன் மாகாணத்தின் வடபகுதியில், சுபீரியர் என்னும் பெரிய ஏரியின் தென்கரையில், மார்க்கெத் என்னும் ஊர் உள்ளது. பதினேழாம் நூற்றாண்டில் அப்பெருங் காடுகளிலே சுவிசேஷப் பணி செய்த பிரெஞ்சு நாட்டு இயேசு சபைக் குரவர் ஒருவரின் பெயரே அவ்வூர்க்கு இடப்பட்டுள்ளது. அவ்வூரைச் சூழ்ந்த ஆறுகளிலும் ஏரிகளிலும் மீன்பிடித்துக் களித்தல் ஷைரஸ் குடும்பத்தாரின் வேனிற்கால வழக்கம். 1870-ஆம் ஆண்டில், பதினொரு வயதுச் சிறுவராக, ஷைரஸ் முதன்முறை அங்கே சென்றார். அன்று அக்காடு அவர் உள்ளத்திற் குடிபுகுந்தது. அவர் உயிர் பிரியும்வரை நீங்கவில்லை. மார்க்கெத் நகரத்துப் பிரமுகராகிய பீட்டர் ஒயிட் என்பவரின் மகளாரையே பின்னர் மணந்துகொண்டமையால், அவ்வூரோடு அவர்க்கிருந்த தொடர்பு மேலும் உறுதியாயிற்று.

தீவேட்டை

அக்காடுகளிலே தொன்றுதொட்டு வாழும் ஒஜிப்வே என்னும் பழங்குடியினர் இரவில் மான் வேட்டையாடும் முறை ஒன்றைக் கையாண்டு வந்தனர். சிறு தோணியின் அணியத்திலே ஒரு தட்டில் நெருப்பை மூட்டி வைப்பர். அத்தீயின் பின்னே, நிழலில், வேட்டைக்காரன் அமர்ந்திருப்பான். அமரத்திலிருப்பவன் ஓசை சிறிதும் எழாவண்ணம் துடுப்பை அசைப்பான். ஏரிக்கரையிலே நீர்ப்பூண்டு மேய வந்த மான், நீர்மேல் மிதந்து வரும் ஒளியைக் கண்டு அஞ்சி ஓடாமல் வியந்து நிற்கும். ஒளியின் பின்னேயுள்ள மனிதன் அதன் கண்ணுக்குத் தென்படான். மானின் கண்களோ, விளக்கொளியைத் திருப்பி வீசி, இருளிலே இரண்டு தீப்பொறிகள் போல மின்னும். அப்பொறிகளைக் குறியாகக் கொண்டு எய்தல் எளிது.

ஷைரஸ் இம்முறையை இளமையிலேயே கற்றுத் தேர்ந்தார். மானின் வியப்பையே அதன் மரணத்துக்கு வாயிலாக்கும் இம்முறை வேட்டையிலே கடுமையானது என்பதில் ஐயமில்லை. துப்பாக்கி பெருகிய காலத்தில் வேடிக்கைக்காக வருவோரும் இதனைக் கையாளத் தொடங்கியமையின் மான்கள் விரைந்து குறைந்தன. பின்னாளில் அந்நாட்டு மாகாணங்கள் பலவும் இதனைச் சட்டத்தினால் விலக்கின. ஆனால் ஷைரஸ் சட்டம் வருமளவும் காத்திருக்கவில்லை. அவர் உள்ளத்திலே ஒரு கேள்வி எழுந்தது. மானைத் தேடுதல், அதன் வழியை அறிதல், ஓசையின்றி அணுகுதல், கைநடுங்காது நிற்றல் ஆகிய இவையன்றோ வேட்டையின் இன்பம்? விசையை அழுத்திய கணத்திலே அவ்வின்பம் முடிந்துபோகின்றது. எஞ்சுவது ஒரு பிணமே. அவ்விசை துப்பாக்கியின் விசையாக அல்லாமல் காமிராவின் விசையாக இருக்குமாயின், வேட்டையும் நிகழும், மானும் பிழைக்கும், கண்டதைப் பிறர்க்குக் காட்டவும் கூடும். இவ்வெண்ணத்தோடு 1889-ஆம் ஆண்டில், தமது முப்பதாம் வயதில், அவர் காமிராவைக் கையில் எடுத்தார். துப்பாக்கியை ஒரே நாளில் எறிந்துவிட்டார் என்று கூறுதல் உண்மையாகாது. மெல்ல மெல்லவே அதன் மீதிருந்த பற்று அவரை விட்டு நீங்கியது.

ஒளியின் கணக்கு

அவர்க்கு நேர்ந்த இடையூறு யாதென உணர்தற்கு, புகைப்படக் கலையின் அடிப்படையைச் சிறிது அறிதல் வேண்டும். காமிராவினுள் எவ்வளவு ஒளி புகுகின்றது என்பதை இரண்டு வாயில்கள் ஆள்கின்றன. ஒன்று லென்ஸின் துவாரம். அதனைப் பெரிதாகத் திறந்தால் ஒளி மிகும், ஆனால் தெளிவாகத் தோன்றும் தூரத்தின் ஆழம் குறையும். மற்றொன்று ஷட்டர் திறந்திருக்கும் காலம். அதனை நீட்டினால் ஒளி மிகும், ஆனால் அசையும் பொருள் கலங்கிப்போகும். மூன்றாவதாக, ஒளியை ஏற்கும் பரப்பின் உணர்திறனும் கருதற்பாலது. இம்மூன்றும் ஒன்றையொன்று ஈடுசெய்யும் தராசுத் தட்டுக்கள் போன்றன.

ஷைரஸ் கையாண்டது கண்ணாடித் தகடு. அதற்கு முந்திய காலத்தில் தகட்டை அவ்விடத்திலேயே ஈரமாகத் தயாரித்து, ஈரம் உலருமுன் படத்தைத் துலக்கிவிடவேண்டும். காட்டில் மானுக்குக் காத்திருப்பவர்க்கு அது ஆகாத காரியம். 1871-இல் மாடக்ஸ் என்னும் ஆங்கில வைத்தியர் உலர்ந்த தகட்டுக்குரிய முறையை வெளியிட்டார். அதன்பின் தகட்டை முன்னரே செய்து பெட்டியில் வைத்து வேண்டுங்காலத்திற் பயன்படுத்துதல் கைகூடிற்று. அத்தகட்டின்மேல் வெள்ளி உப்பின் நுண்மணிகள் பூசப்பட்டிருக்கும். மணி பெரிதாயின் மங்கிய ஒளியையும் பற்றிக்கொள்ளும். ஆனால் படத்தில் மணற்பரப்புப் போன்ற சொரசொரப்புத் தோன்றும். மணி சிறிதாயின் படம் வழுவழுப்பாயிருக்கும். ஆனால் ஒளி மிகுதியாக வேண்டும். விரைவு வேண்டுமாயின் நயத்தை இழக்கவேண்டும். நயம் வேண்டுமாயின் விரைவை இழக்கவேண்டும்.

மானோ நமக்காக அசையாது நிற்கும் பிராணியன்று. அது வெளிப்படும் வேளையும் அந்தியும் விடியலும் நள்ளிரவுமே. பகலில் ஷைரஸ் எடுத்த படங்கள் சில நன்கு அமைந்தன. ஆயினும், காட்டின் மெய்யான வாழ்க்கை இருளிலேயே நிகழ்கின்றது என்பதை அவர் அறிந்திருந்தார். இருளில் எத்தகைய தகடும் பயன்படாது. துவாரத்தை எவ்வளவு திறந்தாலும், காலத்தை எவ்வளவு நீட்டினாலும், இல்லாத ஒளியை எந்த வாயில் உள்ளே கொணரும்? ஆதலின் வாயில்களை மாற்றிப் பயனில்லை, ஒளியையே உடன் கொண்டு செல்லவேண்டும் என்று அவர் முடிவு செய்தார்.

இரவிற் படமெடுத்தல்

அந்தத் தீர்மானத்துக்குத் துணையாக ஒரு புதிய பொருள் அக்காலத்தில் வெளிவந்திருந்தது. மக்னீசியம் என்னும் உலோகத்தைத் தூளாக்கி எரித்தால் கண்ணைப் பறிக்கும் வெண்ணிற ஒளி தோன்றும். 1887-இல் ஜெர்மனி தேசத்தில் மீத்தே, கேடிக்கே என்னும் இருவர் அத்தூளோடு வேறு உப்புக்களைக் கலந்து, இமைப்பொழுதில் எரிந்து முடியும் மின்னற்பொடியை உண்டாக்கினர். அஃது ஒளிப்பொடியாக மட்டுமின்றி வெடிமருந்தாகவும் இருந்தது. அதனைக் கையாண்ட புகைப்படக்காரர் பலர் கையும் முகமும் வெந்து துன்புற்றனர். கூடத்தில் நாற்காலியில் அமர்ந்திருப்பவரைப் படமெடுக்கும்போதே இத்துணை அபாயமாயின், ஆடுகின்ற தோணியில், நள்ளிரவில், ஈரக் காற்றில் அதனைக் கொளுத்துதல் எத்துணைத் துணிவான செயல் என்று நாம் எண்ணிப்பார்க்கலாம்.

மார்க்கெத் நகர்க்குக் கிழக்கேயுள்ள ஒயிட்பிஷ் ஏரியே அவருடைய சோதனைக் களம். ஜான் ஹாமர் என்னும் வழிகாட்டி அவருக்கு உற்ற துணைவராயிருந்தார். ஒஜிப்வேயர் நெருப்பு வைத்த இடத்தில் மண்ணெண்ணெய் விளக்கு; அவர்கள் வில்லும் துப்பாக்கியும் தாங்கிய இடத்தில் காமிரா; காமிராவின் மேலே உயரத்தில் மின்னற்பொடி நிரப்பிய கருவி. மற்றவை யாவும் பழைய தீவேட்டையே. அமரத்திலிருந்து ஹாமர் துடுப்பை நீருக்கு வெளியே எடாமலே தள்ளுவார். விளக்கு கரையோரமாகச் சுழலும். இரண்டு தீப்பொறிகள் தோன்றியவுடன் தோணி அவற்றை நோக்கி அணுவணுவாக நகரும்.

இங்கே தூரத்தைக் கணித்தலே உயிர்நிலையாகும். இருளிலே லென்ஸைத் திருப்பிக் குவியத்தைச் சரிசெய்ய இயலாது. ஆதலின் குறித்த ஒரு தூரத்துக்கு முன்னரே அமைத்துவிட்டு, தோணி அத்தூரத்தை அடையும்வரை மூச்சை அடக்கிக் காத்திருக்கவேண்டும். ஒளிக்கும் ஓர் இலக்கணம் உண்டு. தூரம் இரட்டித்தால் மின்னொளி பாதியாவதில்லை, காற்பங்காகின்றது. தூரம் மும்மடங்கானால் ஒன்பதிலொரு பங்காகின்றது. சற்றுத் தொலைவில் விசையை அழுத்தினால் தகட்டில் நிழலே எஞ்சும். மிக அணுகினால் மான் வெளுத்து உருவிழந்து போகும். விசை அழுந்தியதும் இடி முழங்கினாற்போன்ற ஓசையோடு ஏரி முழுதும் ஒரு கணம் பட்டப்பகலாகும். அடுத்த கணம் முன்னினும் கரிய இருள். கண் கூசிய மனிதரும் கண் கூசிய மானும் ஒருவரையொருவர் காணார். கரையில் மான் பாய்ந்தோடும் அரவம் மட்டும் கேட்கும்.

இம்முறையில் மற்றொரு நுட்பமும் அடங்கியுள்ளது. சுற்றிலும் இருளாகையால், ஷட்டர் சிறிது நேரம் திறந்தேயிருந்தாலும் தகட்டிற் பதிவது ஒன்றுமில்லை. ஒளி எவ்வளவு நேரம் எரிகின்றதோ அவ்வளவே படத்தின் காலம். ஆகவே, அசைவை நிறுத்தும் வேலையை ஷட்டர் செய்வதில்லை, மின்னற்பொடியே செய்கின்றது. இருள் என்னும் பகைவனையே துணைவனாக்கிக்கொண்ட உபாயம் இது.

எத்தனையோ இரவுகள் வீணாயின. பொடி ஈரமாயிற்று, விசை தவறிற்று, தகடு மங்கிற்று. ஆயினும் அவர் ஒவ்வொரு வேனிலிலும் திரும்பி வந்தார். ஆண்டுகள் சென்றபின், கரையில் நிற்கும் வெள்வால் மான்கள், நீரிலே தம் நிழலோடு தோன்றும் தாயும் குட்டிகளும், 1902-இல் கனடா நாட்டு ஆன்டேரியோவிலுள்ள லூன் ஏரிக்கரையில் அமர்ந்து ஒளியை உற்றுநோக்கும் லிங்க்ஸ் என்னும் காட்டுப்பூனை முதலியன அவர் தகடுகளில் அழியா வாழ்வு பெற்றன. பின்னர் இரண்டு காமிராக்களையும் இரண்டு மின்னொளிகளையும் அடுத்தடுத்து அமைத்து, முதல் ஒளியில் அமைதியாக நின்ற மானையும், அவ்வொளியால் திடுக்கிட்டு அது பாய்ந்ததை இரண்டாம் ஒளியிலும் பிடித்தார்.

தன்னைத் தானே படமெடுத்த விலங்கு

தோணியில் அணுக இயலாத விலங்குகளுக்கு அவர் வேறொரு வழி கண்டார். விலங்கு நடமாடும் தடத்தின் குறுக்கே மெல்லிய கயிறு ஒன்றைக் கட்டி, அதனைக் காமிராவோடும் மின்னொளியோடும் இணைத்துவிடுவார். அல்லது கயிற்றின் முனையில் இரையைக் கட்டிவைப்பார். நள்ளிரவில் விலங்கு கயிற்றை இடறினும் இரையை இழுப்பினும் ஷட்டர் திறக்கும், ஒளி வீசும், தன்னைத் தானே படமெடுத்துக்கொண்டு அவ்விலங்கு ஓடிவிடும். ரக்கூன் முதலிய பிராணிகள் பல இங்ஙனம் தம் உருவத்தைத் தாமே எழுதிச்சென்றன. வலையும் பொறியும் உயிரைப் பிடித்தற்கென்றே மனிதன் கண்டவை. உயிரைப் பிடியாமல் உருவத்தை மட்டும் பிடிக்கும் பொறியை இரவுக் காட்டிலே வைத்தவருள் இவரே முதல்வர்.

இப்பொறியின் வழித்தோன்றல்கள் நம் நாட்டிலும் உள்ளன. வட இந்தியக் காடுகளில் வனத்துறை அதிகாரியாயிருந்த சாம்பியன் என்பவர், கயிற்றை இடறும் புலியைத் தானே படமெடுக்கச் செய்து, 1927-இல் அப்படங்களை நூலாக வெளியிட்டார். இன்று முதுமலையிலும் சத்தியமங்கலத்திலும் முண்டந்துறையிலும் மரங்களிற் கட்டப்பட்டுள்ள காமிராக்கள் புலியின் உடல்வெப்பத்தையும் அசைவையும் உணர்ந்து இயங்குகின்றன. ஒரு புலியின் வரிகள் மற்றொரு புலிக்கு இல்லாமையால், அப்படங்களைக் கொண்டே புலிகளின் தொகையைக் கணிக்கின்றனர். ஒயிட்பிஷ் ஏரிக்கரையிற் கட்டிய கயிறு அத்தனை தூரம் நீண்டுள்ளது.

உலகம் கண்ட காட்சி

1900-ஆம் ஆண்டு பாரிஸ் நகரில் நடைபெற்ற உலகப் பொருட்காட்சியில் அவருடைய நள்ளிரவுப் படங்கள் தங்கப் பதக்கம் பெற்றன. 1904-இல் செயின்ட் லூயிஸ் நகரப் பொருட்காட்சியிலும் உயர்ந்த பரிசு கிட்டிற்று. ஆயினும், பொதுமக்கள் அவற்றைக் கண்டது 1906-இலேயே. நாஷனல் ஜியாக்ரபிக் என்னும் பத்திரிகையின் ஆசிரியராகிய கில்பர்ட் கிரோவ்னர் அவ்வாண்டு ஜூலை மாத இதழில் ஷைரஸின் படங்கள் 74-ஐ ஒருசேர வெளியிட்டார். அஃது அதுவரை பூகோள சாஸ்திரிகளுக்குரிய கட்டுரைகள் மிகுந்த பத்திரிகை. அறிவுக்குரிய பத்திரிகை குழந்தைகளின் படப்புத்தகமாகின்றது என்று சினந்து, அச்சங்கத்தின் நிர்வாகிகள் இருவர் பதவி விலகினர். வாசகரோ அவ்விதழை ஆவலோடு வரவேற்றனர். அப்பத்திரிகை பின்னாளிற் புகைப்படத்தினாலேயே உலகப்புகழ் பெற்றது என்பதை எண்ணுங்கால், சினந்து சென்ற அவ்விருவரும் எதனைத் துறந்தனர் என்பது விளங்கும். ஜனாதிபதியாயிருந்த தியோடர் ரூஸ்வெல்ட் என்பவரும் தாமே பெருவேட்டைக்காரராயிருந்தும் அப்படங்களை வியந்து, அவற்றைப் பெருநூலாக வெளியிடுமாறு ஷைரஸைத் தூண்டினார்.

சட்டசபையில் ஒரு தோல்வி

ஷைரஸின் சரித்திரத்தைப் புகைப்படத்தோடு முடிப்போர் பலர். எமக்கோ இனி வருவதே அதன் சிகரமாகத் தோன்றுகின்றது. அவர் இளமைக்காலத்தில் மிச்சிகன் மாகாணத்தின்மேல் பிரயாணிப் புறாக்கள் சூரியனை மறைக்கும் மேகம் போலப் பறந்தன. அவற்றை வலைவீசியும் சுட்டும் பீப்பாய் பீப்பாயாக நகரங்களுக்கு அனுப்பினர். அப்பறவையினத்தின் கடைசிப் பறவை 1914-இல் சின்சினாட்டி நகர மிருகக்காட்சிசாலைக் கூண்டிலே இறந்தது. எண்ணற்றவை என்றிருந்த இனம் ஒரு மனிதனுடைய வாழ்நாளுக்குள் ஒன்றுமில்லையாயிற்று.

1903 முதல் 1905 வரை ஷைரஸ் அமெரிக்கப் பிரதிநிதிகள் சபையில் அங்கத்தினராயிருந்தார். இருந்தது ஒரே தவணை. அவ்வொரு தவணையின் இறுதியில், 1904-ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில், வலசை செல்லும் பறவைகளைத் தேசிய அரசாங்கமே காத்தல் வேண்டும் என்னும் மசோதாவைக் கொண்டுவந்தார். ஒரு மாகாணத்திற் கூடுகட்டி, பல மாகாணங்களைக் கடந்து, வேறொரு மாகாணத்திற் குளிர்காலத்தைக் கழிக்கும் பறவையை எந்த ஒரு மாகாணம் தன்னுடையதென்று கொள்ளும்? ஒன்று காப்பாற்ற, மற்றொன்று கொன்று குவிக்குமாயின் காத்தவரின் பயன் என்ன? இதுவே அவருடைய வாதத்தின் சாரம். வேட்டைப் பிராணிகள் மாகாணங்களின் அதிகாரத்துக்கே உட்பட்டவை என்பது அந்நாட்டின் பழைய சட்டக்கொள்கை. ஆதலால் மசோதா நிறைவேறவில்லை. அவருடைய தவணையும் முடிந்தது. சபையைவிட்டு அவர் வெறுங்கையராய் வெளியேறினார் என்றே அன்றையோர் கருதியிருப்பர்.

ஆனால் விதை வீணாகவில்லை. அவர் காட்டிய நெறியைப் பின்பற்றி 1913-இல் ஒரு சட்டம் நிறைவேறிற்று. கீழ்நீதிமன்றங்கள் அது செல்லாதென்றன. உடனே அதன் நண்பர்கள் வேறு வழி தேடினர். 1916-இல், கனடாவின் சார்பாகப் பிரிட்டனோடு பறவைகளைக் காக்கும் உடன்படிக்கை ஒன்று ஏற்பட்டது. அதனை நிறைவேற்ற 1918-இல் மீண்டும் சட்டம் இயற்றப்பட்டது. 1920-இல் உச்சநீதிமன்றம் அச்சட்டம் செல்லும் என்று தீர்ப்பளித்தது. தம் தந்தையார் ஒருகாலத்தில் வீற்றிருந்த அந்நீதிமன்றமே தம் கருத்துக்கு அரணாயினமை மகனார்க்கு எத்துணை மகிழ்ச்சி விளைத்திருக்கும்! மசோதா தோற்றது முதல் தீர்ப்பு வந்தது வரை ஏறக்குறைய பதினாறு ஆண்டுகள். ஒரு மானுக்காக இரவு முழுதும் தோணியிற் காத்திருந்து பழகியவர்க்கு அப்பொறுமை இயல்பாகவே அமைந்திருந்தது போலும்.

பிற்காலம்

சபையை விட்டபின் அவர் முழுநேரமும் இயற்கையாராய்ச்சியில் ஈடுபட்டார். யெல்லோஸ்டோன் பிரதேசத்தின் மேற்பகுதியில் மூஸ் என்னும் பெரிய மான்கள் மிகுதியாக வாழ்வதை உலகுக்கு அறிவித்தார். 1914-இல் நெல்சன் என்னும் விலங்கு நூலார் அம்மானைத் தனி வகையென்று கண்டு, ஷைரஸின் பெயரையே அதற்குச் சூட்டினார். 1911-இல் அலாஸ்காவின் கெனாய்த் தீபகற்பத்துக்குச் சென்றார். பனாமாக் கால்வாய்க்காகத் தேக்கப்பட்ட காத்தூன் ஏரியிலே காடு நீராக மாறிய காட்சியையும் கண்டெழுதினார். 1928-இல் தம் கண்ணாடித் தகடுகள் 2,400-ஐ நாஷனல் ஜியாக்ரபிக் சங்கத்துக்கு நன்கொடையாக அளித்தார். ரூஸ்வெல்ட் விரும்பிய பெருநூல், அவர் இறந்து பதினாறு ஆண்டுகள் கழித்து, 1935-இல் இரண்டு பாகங்களாக வெளிவந்தது. அப்போது ஷைரஸுக்கு வயது எழுபத்தாறு. 1942-ஆம் ஆண்டு மார்ச் மாதம் 24-ஆம் தேதி, தாம் சிறுவராய்க் கண்டு மயங்கிய அதே மார்க்கெத் நகரில், எண்பத்துமூன்றாம் வயதில் அவர் காலமானார்.

நமக்குரிய படிப்பினை

இக்காலத்தில் மின்னணுக் காமிரா ஏந்திக் காட்டுக்குச் செல்லும் மாணவர் நம் கல்லூரியிலும் உளர். அவர்கட்கு மின்னற்பொடியும் கண்ணாடித் தகடும் வேண்டா. ஆயினும் ஷைரஸ் எதிர்த்து நின்ற இடுக்கண் இன்னும் அழியவில்லை. பெயரை மட்டும் மாற்றிக்கொண்டுள்ளது. அன்று வெள்ளிமணியின் சொரசொரப்பு; இன்று இரைச்சல் எனப்படும் புள்ளிக் கலக்கம். அந்திவேளையில், உணர்திறன் 400 என்னும் அளவில் வைத்து, ஒரு விநாடியின் பதினைந்திலொரு பங்கு காலம் திறந்தால் சரியான படம் கிட்டும் என்று கொள்வோம். ஓடும் மானை நிறுத்த ஐந்நூறிலொரு பங்கு விநாடி வேண்டும். துவாரத்தை இனிப் பெரிதாக்க இயலாதாயின், உணர்திறனை ஐந்து முறை இரட்டித்து 12,800-க்கு உயர்த்தவேண்டும். படத்தில் இரைச்சல் மிகும். மாணவர் உணர்திறனைப் பழிப்பர். உண்மையிற் பழிக்கத்தக்கது உணர்திறனன்று, ஒளியின் வறுமையே.

ஒளி துளித்துளியாக வருவது. மழைத்துளிகளைப் போல அதன் வருகையிலும் ஏற்றத்தாழ்வு உண்டு. சராசரி நூறு துளி விழுமிடத்தில் ஏறத்தாழப் பத்துத் துளி கூடவோ குறையவோ செய்யும்; அது பத்திலொரு பங்கு. பதினாயிரம் துளி விழுமிடத்தில் நூறு துளியே கூடிக்குறையும். அது நூறிலொரு பங்கு. ஒளி பெருகப் பெருகக் கலக்கம் அடங்குகின்றது. ஆகவே, உணர்திறனுக்கு அஞ்சிப் படத்தை இருளாக எடுத்துவந்து பின்னர் வீட்டில் வெளுப்பாக்குதல் அறியாமை. மறைந்திருந்த கலக்கத்தையே அது பெரிதாக்கிக் காட்டும். அசைவை நிறுத்தப் போதுமான காலத்தை முதலிற் கொண்டு, துவாரத்தை இயன்றவரை திறந்து, வெண்மையான பகுதிகள் வெளிறிப்போகா அளவுக்கு ஒளியை நிரம்பப் பெற்று, எஞ்சிய குறையை உணர்திறனால் நிரப்புதலே முறை. கலங்கிய மானைத் தெளிவாக்க எந்தக் கருவியாலும் இயலாது. சற்றே புள்ளி தெறித்த மானோ மானாகவே நிற்கும்.

ஷைரஸ் செய்ததை இன்று நாம் அப்படியே செய்தலும் தகாது. வனவிலங்கின் கண்ணெதிரே திடீரென்று பேரொளி வீசுதல் அதனைத் துன்புறுத்தும் என்று கருதி, நம் நாட்டுச் சரணாலயங்கள் பலவற்றில் அது விலக்கப்பட்டுள்ளது. விலங்கின் கண்ணுக்குத் தென்படாத ஒளியை வீசும் பொறிகளும் இக்காலத்தில் வந்துள்ளன. ஷைரஸ் தம் முன்னோரின் முறையிலிருந்து ஓரடி முன்வைத்ததுபோல, நாமும் அவர் முறையிலிருந்து ஓரடி முன்வைத்தலே அவர்க்குச் செய்யும் மரியாதையாகும்.

ஓர் அம்பினால் யானை முதலிய பல விலங்குகளை ஊடுருவ எய்த வல்வில் ஓரியையும், குளிரால் நடுங்கியதென்று மயிலுக்குப் போர்வையளித்த பேகனையும் நம் பழம்புலவர் ஒருங்கே வள்ளல்களாகப் போற்றினர். குறிதவறாத கை ஒருவனிடமும், அருள்கனிந்த நெஞ்சு மற்றொருவனிடமும் இருந்தன. அவ்விரண்டும் ஒருவரிடத்திலேயே சேர்தல் கூடும் என்பதற்கு ஜார்ஜ் ஷைரஸ் சான்றாவார். அவர் கையில் இருந்தது அதே விளக்கு. ஏறியது அதே தோணி. சென்றது அதே இருள். உள்ளம் ஒன்றே மாறிற்று. அதனால், இறக்க வேண்டிய மான் இன்றும் அக்கரையில் நின்று நம்மை நோக்குகின்றது. மாணவ நண்பர்களே, நாம் இக்கலாசாலையிற் பெறும் வித்தை எதுவாயினும், அதனை எந்த நோக்கத்தோடு ஏந்திச் செல்கின்றோம் என்பதைச் சற்று நின்று சிந்திப்போமாக. சிருஷ்டிகர்த்தா நமக்களித்த ஒளி, பிற உயிரைக் குறிவைத்தற்கன்று, அதனைக் கண்டு போற்றுதற்கே என்று உணர்வோமாயின், இப்பெரியார் சரித்திரத்தைப் படித்த பயனை நாம் அடைந்தவராவோம்.